தண்டவாள முதலாளி ஸ்டான்போர்டும் அவர் மகனும்: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

சிங்கமலை டீச்சர் எழுதியது

எல்லோருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். என் அப்பா ரயில்வேயில் பாதை வேலை செய்தவர். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் இருக்கும் சிங்கமலைச் சுரங்கத்துக்குக் கிட்டத்தான் நாங்கள் குடியிருந்தோம். விடிகாலையில், முதல் கோச்சி வருவதற்கு முன், அப்பா நீளப் பிடிபோட்ட சுத்தியலைத் தோளில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்து போவார். ஆணி தளர்ந்திருந்தால் அடித்து இறுக்குவார். மழை நாளில் மேட்டிலிருந்து மண் சரிந்து கிடந்தால் ஆட்களைக் கூட்டிவந்து அள்ளுவார். அந்தச் சுத்தியல் சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழும்புவோம்.

இந்த முறை தரம் 10 பிள்ளைகள் சுவர்ச் சஞ்சிகைக்கு "ரயில் வந்த கதை" என்று தலைப்பு எடுத்திருக்கிறார்கள். என்னிடம் முன்னர் படித்த ஒரு பெண் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். அவள் ஒரு தங்க ஆணியின் படத்தை அனுப்பிவைத்தாள். 1869 மே 10ஆம் தேதி அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் ரயில் பாதை இணைத்தபோது கடைசியாக வைத்த ஆணியாம். வைத்தவர் லேலண்ட் ஸ்டான்போர்ட் என்ற ரயில் முதலாளி. படத்தை வகுப்பில் ஒட்டினேன். "தங்கத்தில் ஆணி அடித்தால் வளையாதா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். அவன் மாமா ரயில்வேயில் இருக்கிறார், அதனால் அவனுக்கு அந்தக் கேள்வி வந்தது.

சரி என்று நான் கொஞ்சம் தேடி வாசித்தேன். ஸ்டான்போர்டுக்கு ஒரே பிள்ளை, அதுவும் 15 வயதில் காய்ச்சலில் இறந்துபோனது, அந்த மகனின் பெயரில்தான் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் வந்தது என்று தெரிந்துகொண்டேன். மறுநாள் வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் எல்லோரும் அந்த வயதுக்காரர்கள். வகுப்பே அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து கேட்டாள்: "அந்தப் பாதையைப் போட்ட ஆட்களுடைய பிள்ளைகளுக்குப் பேர் என்ன டீச்சர்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாளாக அதே கேள்விதான் மனதில் ஓடுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காக அந்தப் பணம் எப்படி வந்தது என்பதை மறைத்தும் படிப்பிக்க முடியாது. இந்த ஆளைப் பற்றியும் அவர் குடும்பத்தைப் பற்றியும் விவரமாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நம் மலைநாட்டுப் பாதைக்கும் இப்படி ஒரு முதலாளி இருந்தாரா? அதையும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.


பொகவந்தலாவை – சான் ஹோசே எழுதியது

டீச்சர், வணக்கம். நான் பிறந்தது பொகவந்தலாவையில், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில். இப்போது கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறேன். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் என் வீட்டிலிருந்து காரில் அரை மணிநேரம். அந்தத் தங்க ஆணி அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பையனுக்குப் பதில். அவன் கேட்டது மிகச் சரியான கேள்வி. தங்கம் வளையும், அடிக்க முடியாது. அதனால் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை ஒன்றை லாரல் மரத்தில் செய்து, அதில் முன்கூட்டியே துளை போட்டு, ஆணியை அதற்குள் இறக்கிவைத்தார்கள். விழா முடிந்த கையோடு தங்க ஆணியையும் அந்தக் கட்டையையும் எடுத்துவிட்டு, சாதாரணக் கட்டை வைத்துச் சாதாரண இரும்பு ஆணி அடித்தார்கள். கோச்சி ஓடியது உங்கள் அப்பா அடித்த மாதிரி ஆணிகளின் மேல்தான்.

இனி அந்த மனிதர். 1824 மார்ச் 9இல் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர். தகப்பன் விவசாயி, வீட்டில் எட்டுப் பிள்ளைகள். சட்டம் படித்து விஸ்கொன்சின் பக்கம் ஒரு சிறு ஊரில் வக்கீலாக இருந்தார். 1850இல் ஜேன் லேத்ரொப் என்ற பெண்ணைக் கட்டினார். 1852இல் ஒரு தீ விபத்து, அவருடைய சட்டப் புத்தகங்கள் எல்லாம் எரிந்துபோயின. கலிபோர்னியாவில் தங்கம் எடுக்கப் போன கூட்டத்துக்குச் சாமான் விற்றுச் சகோதரர்கள் நன்றாக இருந்தார்கள், இவரும் அங்கே போனார். மனைவியைக் கூட்டிப் போகவில்லை. ஜேனின் தகப்பன் படுக்கையில் இருந்ததால் அவள் மூன்று வருடம் அங்கேயே தங்கிப் பார்த்தாள். தகப்பன் இறந்த பிறகு, 1855இல், இவர் திரும்பி வந்து கூட்டிப் போனார். பிழைக்கப் போன புருசனுக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் பெண்களை நம் லயங்களில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். ஜேனை நினைத்தால் எனக்கு முதலில் அந்த மூன்று வருடம்தான் ஞாபகம் வரும்.

சக்ரமெண்டோ நகரில் மளிகை மொத்த வியாபாரம். அங்கே தியடோர் ஜூடா என்ற பொறியியலாளர் சியரா நெவாடா மலையைக் கடந்து பாதை போடலாம் என்று கடைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான்கு வியாபாரிகள் காசு போட்டார்கள்: ஸ்டான்போர்ட், ஹண்டிங்டன், ஹொப்கின்ஸ், குரொக்கர். 1861இல் சென்ட்ரல் பசிபிக் என்ற கம்பனி தொடங்கியது. ஸ்டான்போர்ட் தலைவர். 1862, 63இல் அவரே கலிபோர்னியாவின் ஆளுநரும்கூட. கம்பனித் தலைவரும் மாநிலத்தின் தலைவரும் ஒரே ஆள்! ஜூடா 1863இல் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். பாதை முடிந்ததை அவர் பார்க்கவில்லை.

காசு எங்கிருந்து வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். மத்திய அரசு ஒரு மைலுக்கு இவ்வளவு என்று கடன் பத்திரம் கொடுத்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டொலர், மலையில் 48,000. அதற்கு மேல் பாதையின் இரண்டு பக்கமும் நிலம். ஆக, மலை எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில் பெரிய பணம் இருந்தது. சக்ரமெண்டோவிலிருந்து ஏழே மைலில், ஆர்கேட் க்ரீக் என்ற ஓடையின் அருகில், சியரா மலை தொடங்கிவிட்டது என்று சான்று எடுத்தார்கள். நான் அங்கே போய் நின்று பார்த்தேன். தட்டையான நிலம். மலையில் பிறந்து வளர்ந்த எனக்கு அங்கே ஒரு மேடுகூடத் தெரியவில்லை. அப்புறம், பாதை கட்டும் ஒப்பந்தத்தையும் அந்த நால்வரே வேறு பெயரில் நடத்திய கம்பனிக்குக் கொடுத்தார்கள். அரசு விசாரித்தபோது அந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகங்கள் கிடைக்கவில்லை.

இப்போது அந்தப் பெண்பிள்ளையின் கேள்வி. பாதையைப் போட்டவர்கள் பெரும்பாலும் சீனர்கள், குவாங்டொங் மாகாணத்திலிருந்து வந்தவர்கள். ஒரு கட்டத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். 1862இல் ஆளுநராகப் பதவியேற்ற உரையில் சீனர்கள் இங்கே குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று பேசியவர் இதே ஸ்டான்போர்ட். 1865இல் ஜனாதிபதிக்கு எழுதிய அறிக்கையில், இவர்கள் அமைதியானவர்கள், உழைப்பாளிகள், இவர்கள் இல்லாமல் பாதையை நேரத்துக்கு முடிக்க முடியாது என்று எழுதியவரும் அவர்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒட்டலாம் டீச்சர்.

மலை உச்சியில் 1,659 அடி நீளச் சுரங்கம். முழுக்க கருங்கல். பல நாட்களில் ஒரு முகப்பில் ஓர் அடி போவதே பெரிய பாடு. 1866-67 பனிக்காலத்தில் பனி சரிந்து ஆட்களைக் கூடாரத்தோடு மூடியது. எத்தனை பேர் என்று கம்பனி கணக்கு வைக்கவில்லை. இறந்தவர்களின் எலும்புகளைப் பிறகு அவர்களுடைய ஊர்ச் சங்கங்கள் தேடி எடுத்துச் சீனாவுக்கு அனுப்பின. 1867 ஜூனில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். சம்பளம் மாதம் 40 டொலர் வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். ஒரு கலகமும் செய்யவில்லை, முகாமிலேயே இருந்தார்கள். குரொக்கர் சாப்பாட்டுச் சாமான் வருவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது.

பெயர் ஏன் இல்லை என்றால், சம்பளப் பதிவில் ஒவ்வொரு ஆளின் பெயரும் எழுதப்படவில்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரு தலைவன். அவன் கையில் தங்கக் காசு கொடுப்பார்கள், அவன் பிரித்துக் கொடுப்பான். பதிவில் பெரும்பாலும் அவன் பெயர்தான். இதை முதலில் வாசித்தபோது, தோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய கங்காணியைப் பற்றி என் அப்பாயி சொன்ன கதைதான் காதில் கேட்டது: "அந்தக் காலத்தில துரை கங்காணிக்கிட்ட குடுப்பாரு, கங்காணி கடனைக் கழிச்சிக்கிட்டு மிச்சத்தைக் குடுப்பாரு." 1869 ஏப்ரல் 28இல் ஒரே நாளில் பத்து மைல் பாதை போட்டுச் சாதனை செய்தார்கள். அன்று தண்டவாளம் தூக்கிய எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. கூடவே வேலை செய்த ஆயிரக்கணக்கான சீனர்களின் பெயர் இல்லை. 2012இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமே இவர்களைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. அந்தத் தொழிலாளி ஒருவர் எழுதிய ஒரு கடிதம்கூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஒரு சின்ன விஷயம், நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சீனர்கள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஓர் ஆள் காவடி போலத் தோளில் கட்டை வைத்து, இரண்டு பக்கமும் பீப்பாவில் தேத்தண்ணீர் கொண்டுவந்து வேலை செய்யும் இடத்தில் கொடுப்பான். ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த மற்றவர்களுக்கு வயிற்றோட்டம் வந்தது, இவர்களுக்கு அவ்வளவாக வரவில்லை.

மகனைப் பற்றி. கல்யாணமாகி 18 வருடம் பிள்ளை இல்லை. 1868 மே 14இல், ஜேனுக்கு 39 வயதில், பிறந்தான். தகப்பன் பெயரையே வைத்தார்கள். பழம்பொருள் சேர்ப்பதில் ஆசை உள்ள பையன். ஏதென்சில் ட்ரோய் நகரத்தைத் தோண்டிய ஷ்லீமனைச் சந்தித்துப் பேசினான். அந்தப் பயணத்தில்தான் காய்ச்சல் வந்தது. இத்தாலியில் புளோரன்ஸ் நகர ஹோட்டலில் படுக்கவைத்தார்கள். நோயாளிக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று வண்டி போகும் தெருவில் வைக்கோல் பரப்பினார்கள். டைபாய்டுக்கு அப்போது மருந்து கிடையாது. 1884 மார்ச் 13இல் போய்விட்டான். 16 வயதுக்கு இரண்டு மாதம் இருந்தது. இரவெல்லாம் விழித்திருந்த தகப்பன் கண்ணயர்ந்து எழுந்தபோது, இனி கலிபோர்னியாவின் பிள்ளைகள் நம் பிள்ளைகள் என்று மனைவியிடம் சொன்னதாக அந்தக் குடும்பத்தார் சொல்வார்கள். 1885இல் பல்கலைக்கழகத்துக்குச் சொத்தை எழுதினார்கள். 1891 அக்டோபர் 1இல் வகுப்பு தொடங்கியது. ஆரம்பத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, பெண்களும் சேரலாம். இன்றும் அதன் முழுப் பெயரில் "ஜூனியர்" இருக்கிறது, அது அந்தப் பையன்தான்.

வளாகத்தின் ஓரத்தில் மூவருடைய கல்லறை இருக்கிறது. மரங்களுக்குள் நல்ல அமைதியான இடம். நான் போகும்போதெல்லாம் அந்தப் பையனுக்காகக் கொஞ்ச நேரம் நிற்பேன். அப்புறம் வடக்கே சியராவுக்குப் போகும் வழியில், கைவிடப்பட்ட அந்தப் பழைய உச்சிச் சுரங்கத்துக்குள் நடந்து போவேன். உளி போட்ட தடம் பாறையில் அப்படியே இருக்கிறது.


தலவாக்கலை வாசகி எழுதியது

அண்ணன் நன்றாக எழுதியிருக்கிறார். ஆனால் ஜேனை மகன் இறந்த இடத்தோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகு 21 வருடம் அந்தப் பெண் வாழ்ந்திருக்கிறார், பல்கலைக்கழகம் நின்றது அவரால்தான். அதனால் நான் சேர்க்கிறேன்.

1893 ஜூனில் ஸ்டான்போர்ட் இறந்தார். அந்த வருடம் அமெரிக்காவில் வங்கிகளும் ரயில் கம்பனிகளும் விழுந்த வருடம். அரசும் ரயில் கடனில் இவர் பங்கு என்று 15 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. சொத்து முடங்கியது. பல்கலைக்கழகத்தை மூடச் சொன்னார்கள், அவர் மூடவில்லை. வீட்டுச் செலவுக்கு என்று நீதிமன்றம் மாதம் 10,000 டொலர் அனுமதித்தது. அதில் பெரும்பகுதியை ஆசிரியர்களின் சம்பளத்துக்குக் கொடுத்து, தன் வீட்டு வேலைக்காரர்களைக் குறைத்துக்கொண்டார். 1896இல் உச்ச நீதிமன்றம் அரசின் கோரிக்கையைத் தள்ளியது. 1897இல் தன் நகைகளை விற்கலாம் என்று லண்டன்வரை கொண்டுபோனார், நல்ல விலை வரவில்லை. பிறகு அந்த நகைக் காசு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் நிதியானது. இன்றும் அதில் புத்தகம் வாங்குகிறார்கள். பிள்ளையின் படிப்புக்குத் தோட்டைக் கழற்றி அடகு வைக்காத தாய் நம் பக்கத்தில் உண்டா? டீச்சருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அதே ஜேன்தான் 1899இல் பெண் மாணவிகள் 500 பேருக்கு மேல் கூடாது என்று எல்லை போட்டார். மகன் பெயரில் உள்ள இடம் பெண்கள் கல்லூரியாக மாறிவிடும் என்று பயந்தார். எனக்கு அது வருத்தம்தான்.

1905 பிப்ரவரி 28இல் ஹொனலூலுவில் ஒரு ஹோட்டலில் இறந்தார். ஸ்ட்ரிக்னின் நஞ்சு என்று அங்கே மரண விசாரணை சபை தீர்ப்புச் சொன்னது. பல்கலைக்கழகத் தலைவர் அதை மறுத்து, இதய நோய் என்றார். யார்மேலும் வழக்கு வரவில்லை. இதைத் தரம் 10க்குச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன், நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.


ஓய்வுபெற்ற கார்ட், நாவலப்பிட்டி எழுதியது

மகள், நான் 34 வருடம் ரயிலில் கார்டாக இருந்தவன். மலைநாட்டுப் பாதை பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

நம் பாதைக்கு ஸ்டான்போர்ட் மாதிரி ஒரு சொந்தக்காரர் கிடையாது. முதலில் லண்டனில் இலங்கை ரயில்வே கம்பனி என்று ஒன்று 1845இல் தொடங்கினார்கள். 1858 ஆகஸ்ட் 3இல் ஆளுநர் சர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டினார். செலவு முதலில் சொன்ன மதிப்பீட்டை வெகுவாகத் தாண்டும் என்று தெரிந்ததும் 1861இல் அந்த ஒப்பந்தம் ரத்தானது, அரசாங்கமே பாதையை எடுத்துக்கொண்டது. காசு எல்லாம் கோப்பிக் காசு. கண்டிப் பக்கத்துக் கோப்பி கொழும்புத் துறைமுகத்துக்கு மாட்டுக் கரத்தையில் போய்ச் சேர வாரக்கணக்காகும், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். துரைமாருக்கு ரயில் தேவைப்பட்டது அதற்குத்தான். ஆட்களை ஏற்றிப் போவது பின்னால் வந்த யோசனை.

ஆனால் ஒரு ரயில் வியாபாரி இங்கேயும் வந்தார். பெயர் பேவியல், வில்லியம் பிரெடரிக் பேவியல். ஆங்கிலேய ஒப்பந்தக்காரர். இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853இல் பம்பாயிலிருந்து தானேவுக்கு ஓடியதே, அந்தப் பாதையைக் கட்டியதில் இவரும் ஒரு பங்காளி. அப்புறம் பம்பாய்க்கும் புனேவுக்கும் நடுவில் போர் காட் என்ற மலைச்சரிவில் பாதை போடும் வேலையை எடுத்தார். அங்கே கூலி பாக்கி என்று 1859இல் தொழிலாளர் கலவரம் வந்தது, இவர் ஒப்பந்தத்தை விட்டார். சொலமன் ட்ரெட்வெல் என்பவர் மனைவியோடு இங்கிலாந்திலிருந்து வந்து பொறுப்பெடுத்தார். வந்து சில வாரத்திலேயே நோயில் இறந்தார். அவர் மனைவி அலிஸ் ஊருக்குத் திரும்பிப் போகாமல், இரண்டு பொறியியலாளர்களை வைத்து அந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் 40,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். 1863இல் பாதை திறந்தது. ஜேனைப் பற்றி எழுதிய மகளுக்கு இந்த அலிஸையும் பிடிக்கும்.

அந்தப் பேவியல்தான் அடுத்து கொழும்பு – கண்டிப் பாதையைக் கட்டினார். பொறியியலாளர் கில்போர்ட் மோல்ஸ்வர்த். 1864 டிசம்பர் 27இல் அம்பேபுஸ்ஸவரை முதல் ரயில். 1867இல் கண்டி. நடுவில் ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவ ஏற்றம், 45 அடிக்கு ஓர் அடி ஏறும். நான் வேலைக்குச் சேருவதற்கு முன், நீராவிக் காலத்தில், ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சினைப் பூட்டித் தள்ளுவார்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பாதாளம். புதிதாக ஏறிய பயணிகள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். எனக்கு அந்த இடத்தில் பிரேக் வேனில் நிற்கும்போது இந்தப் பாறையை வெட்டியவன் எங்கே நின்று வெட்டியிருப்பான் என்றுதான் தோன்றும். மலைக்காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் அங்கே கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்கள் ஏராளம்.

பிள்ளைகளிடம் வருடங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டு மகள். 1867: அங்கே சியராவில் சீனர்கள் வேலையை நிறுத்திய வருடம், இங்கே கண்டிக்கு ரயில் வந்த வருடம், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்த வருடம். 1869: அங்கே தங்க ஆணி, இங்கே கோப்பி இலையில் துரு நோய் விழுந்த வருடம். பாதை கோப்பிக்காக வந்தது, கோப்பி போய்விட்டது, பாதை தேயிலைக்கு என்று மேலே ஏறியது. 1874இல் எங்கள் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. உன் சிங்கமலைச் சுரங்கம் அந்த நானுஓயாப் பாதையில் வெட்டியதுதான், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். அங்கே ஸ்டான்போர்ட் மகன் பெயரில் பல்கலைக்கழகத்துக்குக் கையெழுத்துப் போட்ட அதே வருடம் நம் பக்கம் ரயில் நானுஓயாவில் வந்து நின்றது.

பெயர் விஷயம். அப்போது தோட்டத்துக்கு வந்தவன் கங்காணியின் ஆள். கங்காணி கையில் துண்டு இருக்கும், அதில் கடன் எழுதியிருக்கும், 1921இல்தான் அதை ஒழித்தார்கள். தோட்டத்து ஆட்களின் பெயரைச் செக்ரோல் என்ற பதிவேட்டில் பதிந்தார்கள். ஆனால் ரயில் பாதை வெட்டியவர்கள் தோட்டத்துச் செக்ரோலுக்கு வெளியே இருந்தவர்கள். அந்தப் பிள்ளை கேட்டதற்கு "எழுதிவைக்கவில்லை" என்றே நேராகச் சொல்லிவிடு. ஏன் எழுதவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு மேலே தம்பி எழுதியது போதும்.

இன்னொன்று. உன் அப்பாவின் பெயர் ரயில்வேப் பதிவில் கட்டாயம் இருக்கும். ஓய்வூதியப் புத்தகம் வீட்டில் இருந்தால் வகுப்புக்குக் கொண்டுபோய்க் காட்டு.


சிங்கமலை டீச்சர் எழுதியது

ஐயாவுக்கும், தம்பிக்கும், தலவாக்கலைத் தங்கச்சிக்கும் மனம் நிறைந்த நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோய் இரண்டு பாடவேளை வாசித்தோம்.

பிள்ளைகள் தாங்களே பிரித்துக்கொண்டார்கள். ஐந்து பேர் ஸ்டான்போர்ட் குடும்பம், ஐந்து பேர் சீனத் தொழிலாளர், ஐந்து பேர் கடுகண்ணாவ. தேத்தண்ணீர்ப் பீப்பாவை ஒருவன் படமாக வரைந்துவிட்டான், மிக அழகாக வந்திருக்கிறது. ஆர்கேட் க்ரீக் கதையைக் கேட்டு வகுப்பு கொஞ்ச நேரம் கொதித்தது. "மலையில் இருக்கும் எங்களைக் கேட்டிருக்கலாமே" என்றார்கள். ஜேனைப் பற்றி எழுதுவதற்கு மூன்று பெண்பிள்ளைகள் போட்டி, கடைசியில் மூன்று பேரும் சேர்ந்து எழுதுகிறார்கள். பெண்களுக்கு 500 என்று போட்ட எல்லையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டார்கள். சேருங்கள் என்றேன்.

பின்வரிசைப் பிள்ளையிடம் ஐயா சொன்ன மாதிரி நேராகச் சொன்னேன், எழுதிவைக்கவில்லை என்று. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்தார்களே, நம் ஆட்கள் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று, அதில் தன் பெரியம்மா நடந்ததாகவும், வழியில் இறந்துபோன பழைய ஆட்களுக்கு விளக்கு வைத்ததாகவும் சொன்னாள். பெயர் தெரியாமலே விளக்கு வைத்தார்களா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். ஆமாம் என்றாள். அதை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவின் ஓய்வூதியப் புத்தகம் கிடைத்தது. அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். அப்பா பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் சரியில்லை. வகுப்பில் காட்டினேன். சரியான எழுத்தில் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அடுத்த மாதம் பிள்ளைகளைக் கடுகண்ணாவ ரயில்வே அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகலாம் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். 28 பேர் வருவார்கள். போகும்போது பஸ்ஸில் போனாலும் திரும்பி வருவது கோச்சியில்தான் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள், சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வரும்போது பார்க்க வேண்டுமாம். ஐயா, பேராதனையில் அந்தி நேரக் கோச்சியில் 28 பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பில் இடம் கிடைக்குமா? குழுவாக முன்கூட்டிப் பதிவதென்றால் எந்த நிலையத்தில் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.